ஒன்பதாம் நம்பர் செருப்பும் ஒரு நார்வே நாடகமும்

1. இரண்டு பேருக்கு ஒரு பேப்பர்

துறைத் தலைவர் நாகராஜ் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னபோதே விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. நல்ல செய்தி என்றால் அவர் வராந்தாவில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போவார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டு ஸ்டூடண்ட்டுக்கு ஒரு பேப்பரான்னு மேனேஜ்மெண்ட் கேக்குது. அதே ஹவர்ல நீங்க பிசினஸ் இங்கிலீஷ் எடுத்தா கிளாஸ் ஃபுல் ஆயிடும்."

என் பேப்பர், நவீன ஸ்காண்டிநேவிய நாடகம். நார்வே, ஸ்வீடன், டென்மார்க் நாடகங்கள், பழைய யதார்த்த நாடகங்களில் தொடங்கி இன்றைக்கு எழுதுகிறவர்கள் வரைக்கும். பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் இதற்கு என்ன வேலை என்று என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. மூல மொழியில்தான் படிப்பேன் என்ற வீம்பில் நார்வேஜியன் வேறு கற்றுக்கொண்டேன். பேசிப் பார்க்க ஆள் இல்லை. மல்லேஸ்வரம் வீட்டில் குக்கர் விசில் வரும்வரை நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்வேன். ஒரு மொழியைக் கற்று அதில் ஒருவரிடமும் பேசாமல் இருப்பது கஷ்டமான விஷயம். பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வேன். பழகவில்லை.

"பிராக்டிகலுக்கு வெளியிலருந்து எக்ஸாமினர் வர்றாங்க. கமிட்டியும் உக்காரும். பார்த்துட்டு அவங்க இருக்கட்டும்னா இருக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார் சார்.

எனக்கென்று இருந்தது அந்த ஒரு பேப்பர்தான். அது போனால் நான் படித்ததையெல்லாம் குக்கரிடம்தான் சொல்ல வேண்டும்.

2. பாஸ் வேறு, சைலன்ஸ் வேறு

பிராக்டிகலில் மாணவர்கள் நடித்துக் காட்ட எடுத்தது சமகால நார்வே நாடகம், ஒரே அங்கம். கடலோர வீட்டில் ஒரு வயதான பெண் தனியாக இருக்கிறாள். கதவோரம் ஒரு ஜோடி ஆண் காலணி. தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். வாசல் மணி அடிக்கிறது. எழுந்து போய்க் கதவருகே நிற்கிறாள், வெகுநேரம் ஒன்றும் பேசாமல். பிறகு திறக்கிறாள். வெளியே யாரும் இல்லை. அவ்வளவுதான் நாடகம்.

அந்தக் காலணி கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனுடையது, அவள் அவன் நினைவைக் காத்துவருகிறாள் என்பது ஆய்வாளர்கள் சொல்வது. வகுப்பில் நானும் அதையே சொல்லிவந்தேன்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் ஷாலினிக்கு அந்தப் பெண்ணின் வேடம். இன்னொரு மாணவன் ஜோசப் லைட் பார்த்துக்கொண்டான். இந்த வகை நாடகங்களில் பாஸ் வேறு, சைலன்ஸ் வேறு. பாஸ் என்றால் பேச்சு சற்று நின்றிருக்கிறது, மறுபடி வரும். சைலன்ஸ் என்றால் பேச்சு தீர்ந்துபோய்விட்டது. புத்தகத்தில் இரண்டும் அடைப்புக்குறிக்குள் ஒவ்வொரு சொல்தான். மேடையில் இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நாடகம் படுத்துவிடும். ஷாலினி பாஸ் நன்றாகச் செய்தாள். சைலன்ஸ் வந்ததும் தலையைக் கோதுவாள், பெருமூச்சு விடுவாள்.

"மேம், எங்க வீடு ஒரே ரூமு. கரண்ட் போனாகூட யாராச்சும் கத்திட்டே இருப்பாங்க. இந்த சைலன்ஸெல்லாம் எனக்கு எங்க வரும்?"

ஜோசப் தன் ஸ்போர்ட்ஸ் ஷூவைக் கதவோரம் வைத்தான். பார்க்கச் சகிக்கவில்லை. நானே கொண்டுவருகிறேன் என்றேன்.

"யாரோடது மேம்?"

"வீட்ல ஒண்ணு கிடக்கு."

உண்மையைச் சொல்கிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபிறகு தனியாக இருக்கிறேன். அந்தப் பிரௌன் லெதர் செருப்பை மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். "சாருக்கு என்ன சைஸ் மேடம்?" என்று கடைக்காரர் கேட்க, வாயில் வந்ததைச் சொன்னேன், ஒன்பது. தனியாக இருக்கும் பெண்கள் பலரும் செய்வதுதான். வாசலில் ஆண் செருப்பு கிடந்தால் வருகிறவன் கொஞ்சம் யோசிப்பான். புதுசாகத் தெரியக்கூடாது என்று சிமெண்ட் தரையில் தேய்த்து வைத்தேன். தூசி படியாமல் துடைத்து அவ்வப்போது இடம் மாற்றுவேன், யாரோ போட்டுக்கொண்டு போய்வந்த மாதிரி.

இத்தனையும் செய்துகொண்டுதான் வகுப்பில் கணவனின் நினைவு என்று பாடம் நடத்தினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

3. பிராக்டிகல்

முந்தின நாள் ஷாலினி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு.

"மேம், நீங்களே பண்ணிடுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடம். நான் ஓரமா உக்காந்து பெல் அடிக்கிறேன்."

அவள் டைரக்‌ஷனுக்கு மார்க் போட்டுக்கொள்ளலாம் என்று எக்ஸாமினர் அம்மா ஒப்புக்கொண்டார். நான் அதுவரை மேடையில் நடித்ததே இல்லை. நாடகத்தைப் பற்றிப் பேசியே காலத்தை ஓட்டியவள்.

முன்வரிசையில் நாகராஜ் சார், எக்ஸாமினர், கமிட்டி. பின்னால் சக ஆசிரியர்கள். ஆங்கில வசனங்களைத் தடுமாறாமல் சொல்லி முடித்தேன். மணி அடித்தது. ஷாலினி கொண்டுவந்திருந்தது சாதாரண காலிங் பெல், என் வீட்டில் இருப்பதைப் போலவே டிங்-டாங் என்றது.

எழுந்தேன். கதவருகே போய், அந்தச் செருப்பைக் காலால் லேசாக முன்னுக்குத் தள்ளினேன். பிறகு உள்பக்கம் திரும்பி உரக்கக் குரல் கொடுத்தேன்.

"ஏங்க, யாரோ வந்திருக்காங்க. கொஞ்சம் பாருங்க."

சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. கூரியரோ கேஸ்காரரோ, யார் மணி அடித்தாலும் வீட்டில் நான் சொல்வது அதுதான். உள்ளே ஒருவரும் கிடையாது. சொல்லிவிட்டு, பதில் வந்த மாதிரி கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். மேடையிலும் அப்படியே நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஹாலில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை. கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. ஜோசப் லைட்டை அணைத்தான்.

இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தவர்களுக்கு நான் எப்படி வாழ்கிறேன் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துபோனது. உடம்பெல்லாம் கூசியது. அழுகையும் வந்தது.

எக்ஸாமினர் அம்மா கேட்டார்: "அந்தத் தமிழ் லைன் ஒரிஜினல்ல இருக்கா மேடம்?"

இருக்கிறது என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அந்த ஹாலில் நார்வேஜியன் தெரிந்தவள் நான் மட்டும்தான்.

"இல்லீங்க. அது எங்க வீட்ல இருக்கு."

கமிட்டி கொஞ்சநேரம் கிசுகிசுத்தது. நாகராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பேப்பர் இருக்கட்டும்ங்கறாங்க மேடம். நெக்ஸ்ட் இயர்து நெக்ஸ்ட் இயர் நோடோணா, பார்க்கலாம்."

4. மறுநாள்

நான் ஓய்வு பெறும்வரை பேப்பர் ஓடியது. என்னோடு அதுவும் வீட்டுக்கு வந்துவிட்டது. வருத்தம்தான். இப்போது வேலையில் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த ஊர் நாடகத்தையும் நடத்துங்கள். ஆனால் அதில் கதவோரம் ஒரு பொருள் கிடந்தால், ஆய்வாளர் சொல்வதைப் படிக்கும் முன் உங்கள் வீட்டு வாசலை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

பிராக்டிகலுக்கு மறுநாள் மாலை மணி அடித்தது. செருப்பைக் கல்லூரி ஹாலிலேயே விட்டு வந்திருந்ததால் வாசல் வெறுமையாக இருந்தது. பயத்தில் வழக்கத்தைவிட உரக்கவே கத்தினேன்.

"ஏங்க, யாரோ வந்திருக்காங்க!"

வெளியிலிருந்து சிரிப்பு கேட்டது.

"அங்கிள எழுப்பாதீங்க மேம், தூங்கட்டும். நான்தான், ஷாலினி. செருப்ப மறந்துட்டு வந்துட்டீங்க, ஆட்டோ புடிச்சு எடுத்துட்டு வந்தேன்."

திறந்தேன். மாவுக்கட்டுக் காலோடு சுவரைப் பிடித்தபடி குனிந்து, அந்த ஒன்பதாம் நம்பர் ஜோடியை வாசலில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் கொஞ்சம் கோணலாகத் திருப்பிவிட்டாள்.

"இப்படி இருந்தாதான் மேம் நம்புவாங்க."

பிறகு தன் ஒற்றைச் செருப்பை அதன் பக்கத்தில் கழற்றிவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். என்னுடையதைத் தவிர, ஒருவர் நிஜமாகவே போட்டு நடந்த செருப்பு என் வாசலில் கிடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கதவைச் சாத்த மனம் வராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.