வீங்காத கை

மரியகொரட்டியின் வலது கையைக் குளவிகள் கொட்டியது சித்திரையில், தெமோதரைக்கு மேலே தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது. வீக்கம் ஒரு கிழமையில் வற்றியது. வலி வற்றவில்லை. ஆனி பிறந்தும் வெதுவெதுப்பான தேநீர்க் கோப்பையைக்கூட அவளால் பிடிக்க முடியவில்லை.

தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் கைக்கு இலேசான வேலை உண்டு. அதற்குத் தோட்ட ஆஸ்பத்திரி எழுதித் தரும் துண்டுச்சீட்டு வேண்டும். துண்டும் இல்லாமல் கொழுந்துக்கும் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். கணவன் இறந்தபின் அந்த அறைக்கு அவள் பெயர்தான் ஆதாரம்.

காலைப் பெரட்டில் வேலை பிரித்துக்கொண்டிருந்த கங்காணி இராமையா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“குளவி கொட்டி ரெண்டு மாசமாச்சு தங்கச்சி. இன்னும் ஒன் கையிலதான் குடித்தனமா?”

“வாடகை குடுக்குதான்னு கேளுங்க,” என்றாள் பக்கத்து அறை வேலாயி. பெண்கள் சிரித்தார்கள்.

“வலிக்குதுங்கண்ணே.”

“வீங்கியிருந்தா நானே சொல்லுவேன். திங்கக்கெழமைக்குள்ள துண்டு கொண்டா, இல்லாட்டி கூடையத் தூக்கு.”

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டொக்டர் நிஷாலினி சிரிக்கவில்லை.

“விஷமும், அதனால வந்த அழற்சி இரசாயனங்களும் எப்பவோ போயிருக்கும். ஆனா நரம்புக்குள்ள சில நொதிகளத் தட்டி எழுப்பிட்டுப் போயிருக்கலாம். சூட்டை உணர்ற வாசல அதுங்க லேசாத் தொறக்கிற மாதிரி ஆக்கிரும். அதான் இளஞ்சூடும் நெருப்பாத் தெரியுது. இனிச் சின்னதா ஏதும் பட்டாலும் நாள்கணக்கா வலிக்கும். கவனம்.”

“அத எழுதித் தாங்கம்மா.”

எழுதிக் கொடுத்ததைத் தோட்ட ஆஸ்பத்திரி மருந்துக்காரர் படித்தார். கையைப் பார்த்தார். “இதுல ஒன்னுமே இல்லையே,” என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறர் வலி நமக்கு எப்போதும் கேள்விப்பட்ட செய்திதான். வீக்கம் ஒன்றையே கண்ணால் பார்க்கலாம்.

திங்கட்கிழமை விடிந்ததும் மரியகொரட்டி ஓடையோரம் போனாள். அங்கே காஞ்சோண்டி நிற்கிறது. பட்டால் தோல் தடித்து எரியும் செடி. ஒரு கொத்தைத் துணியால் பறித்து வலது புறங்கையில் தேய்த்தாள். மற்றவர்கள் சொறிந்துவிட்டுப் போகிற எரிச்சல் அவளைத் தரையில் உட்காரவைத்தது. சத்தம் வராமல் இருக்கத் துணியைக் கடித்துக்கொண்டாள்.

“இத மொதல்லயே காட்டியிருக்கலாமே,” என்றார் மருந்துக்காரர். “வீக்கம் வத்துற வரைக்கும் தவறணையில நில்லு. நாளைக்கு வந்து காட்டு.”

அன்று முழுவதும் அவள் பைகளில் மண் நிரப்பினாள். வெயிலில் கிடந்த மண் தணலாய்ச் சுட்டது. மாலைக்குள் தடிப்பு இறங்கிவிட்டது. வலி முழங்கை தாண்டியிருந்தது.

மறுநாள் விடியலில் ஓடைக்குத் தண்ணீருக்கு வந்த வேலாயி அவளைக் கண்டாள்.

“காஞ்சோண்டிப் பக்கம் என்ன பண்றே, கொரட்டி?”

“இன்னிக்கும் வீங்கின கையக் காட்டணும்,” என்றாள் அவள். “தேய்க்கிறப்ப விழுந்திராம கொஞ்சம் இந்தத் தோளப் பிடிச்சுக்க.”