பூஜைப் பலகையில் வைத்த ரோட்டர்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்து கோணலாக வரும், ஒற்று விட்டுப்போகும், சொல்ல வந்ததை மறந்துவிட்டு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருப்பேன். படிக்கிறவர்கள் முதலிலேயே பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்குப் பெரியவர்கள் தங்கள் சின்ன வயதைப் பற்றி ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்களே என்று தலையை ஆட்டிவிட்டேன்.

எதை எழுதுவது என்றுதான் தெரியவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் மகள் வீட்டு கராஜில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபோது இது வந்தது.

மகளுக்கு ஐம்பது வயது. பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. அவளிடம் சிவப்பு நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரையைக் குடை மாதிரி பின்னால் மடித்துவிடலாம். ஏறி உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்தது போல இருக்கும், எழுந்திருக்க எனக்கு இரண்டு ஆள் வேண்டும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் செய்த வண்டியாம். அதை நூவர்க் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி, பெல்ஜியத்தில் இறக்கி, ஜெர்மனி, ஆல்ப்ஸ் மலை, இத்தாலி என்று ஓட்டிக்கொண்டே போய்ப் போர்ச்சுகல் கடற்கரையில் நிறுத்தப் போகிறாள். பக்கத்து சீட்டு மாப்பிள்ளைக்கு. "ஆறு வாரம், அத்தை. அதுல மூணு வாரம் நான் பின்னாடி நின்னு தள்ளுவேன்" என்று அவர் என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அவள் செய்கிற வேலையைப் பார்த்தால் அவர் தள்ள வேண்டியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. நாலு மாதமாகச் செய்கிறாள். டயர் நான்கும் புதிது போலத்தான் இருந்தன. ஓடாமல் நின்றே ரப்பருக்கு வயதாகிவிட்டது என்று கழற்றிப் போட்டுவிட்டாள். என்ஜினுக்குள் போகிற ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்து மாற்றினாள். மலை இறங்கும்போது பிரேக் எண்ணெய் கொதித்தால் பிரேக் பிடிக்காதாம், அதையும் வடித்துப் புதிதாக ஊற்றினாள். காருக்கு அடியில் இரண்டு பாதம் மட்டும் வெளியே தெரிய அவள் படுத்திருப்பதை நான் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பேன். என் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடி" என்றாள். பிடித்தேன். கறுப்பாக ஒரு மூடி. இரண்டு பக்கமும் இருந்த கிளிப்பைக் கட்டைவிரலால் தள்ளி மூடியைத் தூக்கினாள். உள்ளே இருந்து வண்டு அளவில் ஒன்றைப் பிடுங்கி எடுத்தாள்.

"ரோட்டர்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அறுபது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாததை டார்ச்சைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

என் அப்பா கோயம்புத்தூரில் ஒரு மில்லின் மோட்டார் ஷெட்டில் மெக்கானிக். ஷெட்டுக்குப் பின்னாலேயே மில் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடு. மில் முதலாளியின் இளைய மகனைச் சின்ன முதலாளி என்போம். அவர் சீமையில் படித்துவிட்டுத் திரும்பும்போது கூடவே ஒரு காரையும் கொண்டுவந்திருந்தார். பச்சை நிறம், திறந்த வண்டி, இரண்டு சீட்டு. அப்போதே அது பழைய வண்டி. அதைக் கொச்சியில் கப்பலேற்றி இத்தாலியில் இறக்கி, அங்கிருந்து லண்டன் வரைக்கும் ஓட்டிப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. வழியில் நின்றுபோனால் பார்க்க ஆள் வேண்டுமே. இரண்டாவது சீட்டு அப்பாவுக்கு என்று அவரே முடிவு பண்ணிவிட்டார்.

அப்பா "ஆகட்டுங்க" என்றார். சின்ன முதலாளியிடம் அப்பாவுக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். இந்த நாக்கு ஒட்டுகிற குணம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

லைன் வீடே பிரமித்துப் போயிற்று. பாஸ்போர்ட் வந்த அன்றைக்கு எல்லோரும் கையைக் கழுவிவிட்டு வந்து அதை வாங்கிப் பார்த்தார்கள். குளிருக்கு ஒரு கம்பளிக் கோட்டு தைத்து வந்தது. கோயம்புத்தூர் வெயிலில் அப்பா அதைப் போட்டுப் பார்த்து வேர்த்துக் கொட்டினார். அம்மா மட்டும் அந்தக் கோட்டைத் தொடவே இல்லை. அம்மா அப்போது ஐந்து மாதம். எனக்குப் பின்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அப்பா போய்த் திரும்ப ஆறு மாதம் ஆகும் என்று பேச்சு. அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டார்.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் ஷெட்டுக்கு ஓடுவேன். அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கழற்றுகிற எதையும் தரையில் விரித்த பழைய வேட்டியில் இடமிருந்து வலமாக வரிசையாக வைப்பார். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுப்பார். அந்த வரிசைக்கு நான்தான் காவல். வண்டிக்கு அடியிலிருந்து கை மட்டும் வெளியே வரும். "அடுத்தது எது, அம்மிணி?" என்று கேட்பார். நான் எடுத்துக் கையில் வைப்பேன். ஒரு நாளும் தப்பாக வைத்ததில்லை.

வழிக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா தயாரானது. பல்பு, பிளக், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றையும் மெழுகுத் தாளில் சுற்றி நான் கொடுக்க, அப்பா அடுக்குவார். "சின்னச் சாமானெல்லாம் கையில இன்னொண்ணு இருக்கோணும். அங்க கடை எங்கீன்னு யாரைக் கேக்கறது" என்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது ரோட்டர். பழுப்பு நிறம், தலையில் பித்தளைப் பட்டை. "இந்தத் தக்குணூண்டு இல்லீன்னா இத்தாப்பெரிய வண்டி அசையாது, அம்மிணி" என்று அப்பா ஒருநாள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சின்ன முதலாளியின் சிநேகிதர்கள் கேட்காமலே வண்டியை எடுத்துப் போய்விடுவார்கள் என்பதால் சாயங்காலம் ஆனால் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். ஒரு முழுக் காரே அப்பாவின் பைக்குள் தூங்குகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆயுத பூஜை அன்றைக்குப் புறப்பாடு. காலையில் பூஜை, உச்சிக்குள் கிளம்பி, பாலக்காட்டு வழியாகச் சாயங்காலத்துக்குள் கொச்சித் துறைமுகத்தில் வண்டியை ஒப்படைக்க வேண்டும். மறுநாள் கப்பல்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு வேலைக்காரர்கள் தங்கள் கருவிகளைச் சுத்தம் பண்ணி, பிள்ளைகள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் பலகையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி கும்பிடுவார்கள். பலகையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. மறுநாள் காலையில் மறுபடி பூஜை பண்ணித்தான் எடுக்க வேண்டும். வண்டிகளுக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி அன்றைக்கே ஓட்டலாம். பலகையில் இருப்பதற்குத்தான் அந்தக் கட்டு. இங்கே நாம் எல்லாவற்றையும் சனிக்கிழமைக்கு நகர்த்தி வைத்துக்கொண்டு அன்று மாலையே லேப்டாப்பைத் திறந்துவிடுகிறோம், அது வேறு.

ஷெட்டில் பலகையை அடுக்கும் பொறுப்பு எனக்கு. வண்டியில் ஏற்றாமல் ஷெட்டிலேயே விட்டுப்போகிற ஸ்பானர்களைப் பெரியதிலிருந்து சின்னதாக வைத்தேன். சுத்தியல், ஜாக்கி, கடைசியில் என் கணக்குப் புத்தகம். வைத்துவிட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு குறை தெரிந்தது. சுத்தியலுக்குப் பொட்டு இருக்கிறது, வண்டியையே அசைக்கிற ஒன்றுக்கு இல்லையே. அப்பா குளித்துக்கொண்டிருந்தார், சட்டை ஆணியில் தொங்கியது. ரோட்டரை எடுத்துவந்து சந்தனம் தடவி, கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவையும் வைத்தேன். சூடம் காட்டினார்கள். விழுந்து கும்பிட்டேன்.

சின்ன முதலாளி கண்ணாடி மாட்டிக்கொண்டு கையுறையோடு வந்து உட்கார்ந்தார். அப்பா கம்பளிக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தார். பைக்குள் கையை விட்டார். இன்னொரு பையிலும் விட்டார். எனக்குப் பொரி வாய் நிறைய இருந்தது.

"அது சாமிகிட்ட இருக்குதுங்கப்பா" என்றேன்.

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். சின்ன முதலாளிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தார். "எடுத்து மாட்டுங்க. சரஸ்வதி என்ன கோவிச்சுக்குவாளா?"

அப்பா பலகையின் முன்னால் போய்க் குனிந்தார். கை நீண்டது. பூவைத் தொடப் போன விரல்கள் அப்படியே நின்றன. அவர் திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அம்மா வயிற்றின்மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

"மன்னிக்கோணுங்க. பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையிலதானுங்க எடுக்கோணும்."

அவர் அந்த முதலாளியிடம் "ஆகட்டுங்க" தவிர இன்னொன்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். ஷெட்டில் அப்பாவோடு வேலை செய்த ஒரு அண்ணன், "அண்ணா, அந்த..." என்று எதையோ சொல்ல வந்தார். அப்பா அவரைப் பார்த்தார். அவர் ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பங்களாவுக்குச் சேதி போனது. சின்ன முதலாளியின் அம்மாவும் பூஜையில் இருப்பதைத் தொடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சின்ன முதலாளி கையுறையைக் கழற்றி சீட்டில் வீசிவிட்டு நடந்தே போனார். கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு அவர் மதராஸிலிருந்து வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனார். அந்த மெக்கானிக்குக்கு இப்படிப்பட்ட பெண் பிள்ளை இல்லை போலிருக்கிறது.

அன்றைக்கு நான் ஸ்பேர் டயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதேன். அப்பா வந்து தேடி எடுத்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையில் கையை வைத்து, "வரிசை தப்பாம வெச்சிருந்தே, அம்மிணி" என்றார். அதற்கு மேல் அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

தை மாதம் தம்பி பிறந்தான். ரொம்பக் கஷ்டமான பிரசவம். நடுவழியில் நின்றுபோன மில் லாரியை அப்பாவே சரி பண்ணி ஓட்டிக்கொண்டு போய் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அம்மாவால் வெகுநாள் எழுந்து நடமாட முடியவில்லை. தம்பியைத் தூக்க ஆள் வேண்டும் என்று ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். அப்பாவின் பெரிய பயணத்தைக் கெடுத்ததற்குச் சரஸ்வதி என் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். நியாயமாகத்தான் பட்டது. சித்திரையில் சின்ன முதலாளியிடமிருந்து ஒரு படம் வந்தது. பனி மலைக்கு முன்னால் அந்தப் பச்சை வண்டி. அப்பா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ஜின் சத்தம் சரியாத்தான் இருந்திருக்கும்" என்றார். அந்தப் படத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது டார்ச் பிடித்த கை வலித்தது. மகள் பழைய ரோட்டரைத் துடைத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பயணத்துக்கு வைத்திருந்த பெட்டியில் வைத்தாள். புதிதை எடுத்து விரலால் அழுத்தினாள், உட்கார்ந்துகொண்டது. ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் எதையும் அவள் தொடவில்லை. மூடியை வைத்துக் கிளிப்பைத் தள்ளினாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அப்புறம் நிமிர்ந்து, சாதாரணமாகத்தான் கேட்டாள். "தாத்தா ஸ்பேர் வச்சிருக்கலையாம்மா?"

எனக்கு அந்த பிஸ்கட் டப்பா கண்ணில் வந்தது. பல்பு, பிளக், ஸ்பிரிங். அப்புறம் மெழுகுத் தாளுக்குள் வண்டு மாதிரி ஒன்றைச் சுற்றி நான் அப்பாவின் கையில் கொடுக்கிறேன். அந்த டப்பா பலகையில் இல்லை. காரின் சீட்டுக்குப் பின்னால் வாரால் கட்டி வைத்திருந்தது. ஓட்டலாம் என்று மாலை போட்ட காருக்குள்.

மகள் என் கையிலிருந்து டார்ச்சை வாங்கி அணைத்தாள். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பொரியை வாயில் போட்டுக்கொண்ட அந்த அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் நின்ற அம்மாவுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. என் தலையில் வைத்த கை எவ்வளவு கனமாக இருந்தது என்பது மட்டும் இப்போதும் நினைவிருக்கிறது. அது கோபத்தை அடக்கிய கை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

மலரில் போடும் முன்னால் யாராவது இதைச் சரிபார்த்துத் தர வேண்டும். எழுத்துப் பிழைகளை மகள் பார்ப்பாள். கொச்சியிலிருந்து அப்போது இத்தாலிக்குக் கப்பல் போனதா, வண்டி பச்சைதானா என்பதெல்லாம் நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். டப்பாவில் அந்த இன்னொன்று இருந்ததா என்று கேட்க எனக்கு இனி ஆள் இல்லை. மோட்டார் வேலை தெரிந்தவர்கள் யாராவது படித்தால் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அவ்வளவு தூரம் போகிற வண்டியை இரண்டு மாதம் பார்த்துப் பார்த்துத் தயார் பண்ணிய ஒருவர், ரோட்டரில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாரா?