இடப்பக்கம் போன புலி

என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் பிரஷர். ஓரப் பார்வை முழுக்கப் போய்விட்டது. நடுவில் மிச்சமிருந்த கொஞ்சமும் நிற்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். "பைப்பு வழியா பாக்குத மாதிரி இருக்கு" என்பாள். அதற்குள் புலியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. தாராவியில் வொர்க்ஷாப்பைப் பூட்டிவிட்டு, ரயிலேறி சந்திரப்பூர் பக்கத்துக் காட்டுக்குப் போனோம்.

விடிந்ததும் ஜீப்பில் ஏற்றினார்கள். கைடு மராட்டிக்காரர், எங்களுக்காக ஹிந்தியில் பேசினார். அவர் எதைக் காட்டினாலும், நான் இவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து அந்தப் பக்கம் திருப்புவேன். ஒரு பெரிய மானைக் காட்டி, "சாம்பர், சாம்பர்" என்றார்.

"ஊர்ல இத மிளான்னுல்லா சொல்லுவோம்? இங்க சாம்பாராக்கிட்டாவளே!"

"சும்மா இருட்டி, புலி ஓடிரும்."

சட்டென்று அந்த மிளா கத்தியது; புலி வாடை பட்டால்தான் அது அப்படிக் கத்துமாம். டிரைவர் இன்ஜினை அணைத்தார். கைடுக்குப் பதற்றத்தில் ஹிந்தி மறந்துபோனது. "டாவிகடே! டாவிகடே!" என்றார், குரலை அடக்கி.

முப்பது வருஷம் பம்பாயில் ஹிந்தியை வைத்தே காலத்தை ஓட்டியவன் நான். என் காதில் 'தாயே' என்று விழுந்தது. ஹிந்தியில் அது வலது. அவள் தலையை வலப்பக்கம் திருப்பி அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

"எங்கங்க?"

"பொறு, வரும்."

மூங்கிலைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. முதுகுப்பக்கம் கேமராக்கள் படபடவென்று அடித்தன. திரும்பினேன்; எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்திருந்தார்கள். மராட்டியில் 'டாவி' என்றால் இடதாம். அவள் தலையைத் திருப்புவதற்குள் புலி என் கண்ணிலும் படாமல் பாதையைத் தாண்டிப் போய்விட்டது. மதியம் வரை சுற்றியும் மறுபடி வரவில்லை.

"நீங்களாவது பாத்தியளா?"

"பாத்தேன்" என்றேன்.

"சொல்லுங்க."

வாய் ஓயாதவன் என்று பெயரெடுத்தவன் நான். காட்டு வாசலில் மாட்டியிருந்த புலிப் படத்தை நினைத்துக்கொண்டு காதையும் மீசையையும் சொன்னேன். படத்தில் தலை மட்டும்தான் இருந்தது. வால் எப்படி இருந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

இப்போது அவளுக்கு வெளிச்சம்கூடத் தெரிவதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "இவிய புலி பாத்தாவ, கேளுங்க" என்று என்னை இழுத்துவிடுகிறாள். நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்று தவறினாலும் விடமாட்டாள்.

"வால வளச்சித் தூக்கி வச்சிருந்துச்சுன்னு சொன்னியள்லா? அத விட்டுட்டியளே!"