ஊதச் சொல்கிறவன் தள்ளாடினால்

செக்யூரிட்டி வேலைக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், பன்னிரண்டு மணி நேரம் நிற்கத் தெரிந்தால் போதும். ஜவுளிக்கடை விற்பனைக்காரர்களே, டிராஃபிக் போலீஸ்காரர்களே, நர்ஸம்மாக்களே, நின்றுகொண்டே சம்பாதிக்கிற உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். ஐம்பத்து மூன்றாவது வயதில் என் கால்கள் தகராறு செய்ய ஆரம்பித்தன. நிற்க முடியாவிட்டால் வேலை போய்விடும். வேறு தொழிலும் எனக்குத் தெரியாது.

ஊது

எங்கள் கேட்டில் காலை ஷிஃப்டுக்கு வருகிறவர்கள், குடித்திருக்கிறார்களா என்று பார்க்கிற ஒரு சின்ன மிஷினில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சைபர் காட்டினால் வேலைக்கு, மிஷின் கத்தினால் வீட்டுக்கு. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஸ்டோர்ஸிலிருந்து ஒரு துடைப்பம் வந்தால்கூட சிலிப் கேட்பேன். அதனால் எனக்குக் 'கலெக்டர்' என்று பட்டப்பெயர்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தனபால், மச்சான் கல்யாணத்துக்கு மறுநாள் காலை வந்து ஊதினான். மிஷின் கத்திய கத்தலில் ரோட்டில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவோ கெஞ்சினான். நான் மசியவில்லை. போகும்போது சொல்லிவிட்டுப் போனான்:

"இருக்கட்டும் நைனா. ஒரு நாளு நீ தள்ளாடிக்கினு வருவ, அன்னிக்கு நான் மிசினப் புடிக்கிறேன்."

சைபர்

அந்த நாளும் வந்தது. முதலில் இடது கால் மரத்தது. ஒரு ஷூ மட்டும் கனமாகிவிட்ட மாதிரி இருந்தது. லாரி வந்தால் தடுப்புக் கம்பத்தைத் தூக்க நேராக நடப்பேன், போய்ச் சேருவது பக்கத்துச் சுவரில். கேட்டில் நிற்கிறவனே போட்டுக்கொண்டு வருகிறான் என்று கேண்டீன் வரைக்கும் பேச்சு. டீயைத் தவிர எதையும் தொடாதவன் நான். அவமானத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

ஒரு காலை, வரிசையில் நின்ற எல்லோரும் பார்க்க, தனபால் என் கையிலிருந்த மிஷினை வாங்கி என் வாயருகே நீட்டினான். ஒரே சிரிப்பு. ஊதினேன். சைபர். இன்னொரு தரம் ஊதச் சொன்னான். மறுபடியும் சைபர். அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"சரக்கு இல்ல நைனா, இது வேற இன்னாவோ. டூட்டி முடிச்சிட்டு ஊட்டுக்குப் போவாத, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ."

லேட்டு

ஓரிடத்தில் சர்க்கரை என்றார்கள், இன்னோரிடத்தில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். கடைசியில் சென்னையில் மூளையையும் முதுகுத்தண்டையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாதான் 'மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்' என்று பெயர் சொன்னார். நரம்புக்கு மேல் உறை ஒன்று உண்டாம், உடம்பே அதை அரித்துவிடுகிறதாம். வயரில் மேல் பிளாஸ்டிக் உரிந்தால் கரண்ட் ஒழுங்காகப் போகாது இல்லையா, அப்படித்தான் என்றார். பெரும்பாலும் இளவயதில் வருகிற நோய், எனக்குத் தாமதமாக வந்திருக்கிறது. முழுசாகக் குணமாகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம்.

திரும்பி வரும்போது ரயிலில் எங்கள் ஊரான கவரைப்பேட்டை வரும்வரை அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ராணி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். எங்கள் கல்யாணத்தன்று நான் வந்த ரயில் சிக்னலில் நின்றுவிட, முகூர்த்தம் முடியப் போகிற நேரத்தில்தான் மண்டபத்துக்குள் ஓடினேன். இந்த இருபத்தாறு வருஷத்தில் அதை அவள் மறந்ததே இல்லை.

"தாலி கட்டவே லேட்டா வந்த ஆளு நீ, நோவு மட்டும் உனக்கு டயத்துக்கு வருமா? நான் கீறேன் இல்ல, எறங்கு, ஸ்டேஷன் வந்துருச்சி."

பையில் பிடிபட்டது

இந்த நோய்க்கு வெயில் ஆகாது. சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில் வலது கண் மங்கிவிடும், பாதம் தரையில் படுகிறதா என்றே தெரியாது. கேட்டில் நாற்காலி போடக் கூடாது என்பது அங்கே சட்டம். நோயைப் பற்றிச் சொன்னால் என்னை இங்கே வேலைக்கு வைத்த ஏஜென்சி வேறு ஆளை அனுப்பிவிடும் என்று பயந்து, தூணில் சாய்ந்து சமாளித்தேன். தனபாலிடம்கூடக் கழுத்து வலி என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

பொன்னேரியிலிருந்து வருகிற பேக்கிங் செக்‌ஷன் நிர்மலா நான் வெயிலில் வாடுவதைக் கவனித்திருக்கிறாள். ஒரு நாள் சோதனைக்காகப் பையைத் திறந்து காட்டினாள். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், ஈரத் துண்டு சுற்றி, கல்லாக உறைந்த தண்ணீர் பாட்டில். எனக்கென்றே கொண்டுவந்திருந்தாள். உச்சி வெயிலில் அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டேன், பத்து நிமிஷத்தில் கண் தெளிந்தது. கோடை முடியும்வரை ஒரு நாள்கூட அவள் மறக்கவில்லை. உனக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம் என்று கேட்டேன்.

"செக்கிங்னா எதனா ஒண்ணு புடிக்கணும் இல்லண்ணே, இதப் புடிச்சி வெச்சிக்கோங்க."

சிலிப்

ஒரு நாள் மேனேஜர் கார் உள்ளே நுழைந்தது. சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கியவன் அப்படியே கீழே விழுந்தேன். அதற்கு மேல் எதை மறைப்பது? அவர் அறைக்குப் போய், தொப்பியையும் விசிலையும் மேஜைமேல் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். "நிக்கிறதுதான் வேலைன்னா என்னால முடியாது சார். பாக்கவும் கேக்கவும் முடியும்" என்றேன். "கேட்டுக்குப் போங்க" என்றார். கேட்டுக்குப் போகச் சொன்னாரா, கேட்டுக்கு வெளியே போகச் சொன்னாரா என்று புரியாமல் வந்து நின்றேன்.

அரை மணி நேரத்தில் தனபாலின் ஃபோர்க்லிஃப்ட் வந்தது. டன் கணக்கில் தூக்குகிற அந்த வண்டியின் முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதன்மேல் என் தொப்பியும் விசிலும். பழக்கதோஷம், கையை நீட்டி "சிலிப் எங்க?" என்று கேட்டுவிட்டேன். தனபால் தலையில் அடித்துக்கொண்டு நீட்டினான். 'நாற்காலி ஒன்று, கேட் செக்யூரிட்டி உட்கார' என்று அதில் எழுதியிருந்தது. ஸ்டோர்ஸ் சிலிப்பில் 'திருப்பித் தர வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம் இருக்கும். மேனேஜர் இரண்டாவதில் டிக் போட்டிருந்தார். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அதற்கு நோயைக் குறை சொல்ல மாட்டேன்.

"ஒக்காரு நைனா. உனுக்கோசரம் வண்டியே எடுத்தாந்துகீறேன், நாளைக்கிக் காலீல என்னிய மட்டும் ஊதச் சொல்லாத."

மறுநாள் காலை தனபாலை ஊதத்தான் சொன்னேன், உட்கார்ந்தபடியே.