ஜூமில் சிக்கிய வடை

நிலாவிலிருக்கும் பள்ளம்கூடத் தெரியும் என்று பீற்றிக்கொண்டு கணவர் எனக்குப் புது போன் வாங்கித் தந்தார். நிலாவை வைத்து நான் என்ன செய்ய? எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலை அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடக்கப் போனோம். "நீ மெதுவா வா" என்று அவர் வேகமாக முன்னே போய்விட்டார். நான் எதிர்க்கரைக் கொக்கு ஒன்றை ஜூம் செய்தேன். கொக்குக்குப் பின்னால் டீக்கடை. எண்ணெய்ப் பலகாரமே கூடாதென்று டாக்டர் எச்சரித்த மனுஷர் அங்கே மசால்வடை தின்றுகொண்டிருந்தார்.

படமெடுத்து அவருக்கே அனுப்பினேன். போனைப் பார்த்தவர் திடுக்கிட்டு ஏரி முழுக்க என்னைத் தேடினார். பிறகு கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். இன்னும் ஜூம் செய்தேன். எனக்குப் பிடித்த மெதுவடை பார்சலாகிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டைகூடத் தெரிந்தது.

நல்ல போன்தான்.