நெத்திலிக்காரியின் இரண்டு முழம்

ஆந்திர எல்லையில், நகரிக்குப் பக்கத்திலுள்ள வாரச் சந்தையில் பொன்னியம்மாவின் இடம் இரண்டு முழம்தான். ஒரு சாக்கு விரித்தால் சரி. இருபத்திரண்டு வருடமாக செவ்வாய்க்கிழமை தவறாமல் அங்கே உட்கார்ந்து நெத்திலிக் கருவாடு விற்றாள். பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. ஆனால் அந்தச் சந்தைக்கு ஒரு சட்டம் உண்டு. மூன்று வாரம் சாக்கு விரிக்காமல் போனால், நாலாம் வாரம் அந்த இடம் கேட்டவருக்குப் போய்விடும். எழுதிவைத்த சட்டத்தையெல்லாம் காற்றில் விடுகிற நம் ஜனங்கள், எழுதாத இந்த ஒன்றை மட்டும் மீற மாட்டார்கள்.

பொன்னியம்மா ஏழு வாரம் வரவில்லை. சரக்கெடுக்கப் போன இடத்தில், சூளூர்பேட்டை ஸ்டேஷனில் ரயில் படி வழுக்கிக் கணுக்கால் எலும்பு விட்டுப்போனது. மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். கம்பெனி வேலைக்குப் போகும் மகள் அகிலா, இனிமேல் சந்தை வேண்டாம், வீட்டோடு இரு என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது பாசத்தில்தான். ஆனால் அந்த இரண்டு முழம் போனால் ஊரில் தன்னை நெத்திலிக்காரி என்று யார் கூப்பிடுவார்கள் என்பதுதான் பொன்னியம்மாவின் கவலை.

அவளுக்குப் பக்கத்து இடம் வெங்கடம்மாவுடையது. அவளும் கருவாட்டுக்காரிதான். எட்டு வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கைக்காரருக்காக இருவரும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள். சந்தைப் பெரியவர்கள் கூடி, நெத்திலி பொன்னிக்கு, வாளை வெங்கடம்மாவுக்கு என்று பிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, எடைக்கல் வேண்டுமென்றால்கூட எதிரே பச்சைமிளகாய் விற்கும் ரங்கையா வழியாகத்தான் கேட்பார்கள். பாவம் ரங்கையா, மிளகாய் விற்றதைவிட இவர்களுக்குத் தூது போனதுதான் அதிகம்.

எட்டாவது செவ்வாய், மகளுக்குத் தெரியாமல் ஷேர் ஆட்டோ ஏறினாள் பொன்னியம்மா. சரக்கு எடுத்துவரவில்லை. இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும் என்றிருந்தது.

பார்த்தாள். அவள் இடத்தில் சாக்கு விரித்து, நெத்திலி குவித்து, அதற்கும் வாளைக்கும் நடுவே வெங்கடம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. நொண்டிக்கொண்டே போய்ச் சாக்கின் முனையைப் பிடித்து இழுத்தாள். நெத்திலி மண்ணில் சிதறியது.

“எடத்தயும் துன்னுட்ட, யாவாரத்தயும் துன்னுட்ட. இப்பவாவது வயிறு ரொம்பிச்சா?”

வெங்கடம்மா குனிந்து நெத்திலியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ரங்கையாதான் எழுந்து வந்தார். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக விஷயத்தைச் சொன்னார். மூன்றாவது வாரமே பிளாஸ்டிக் பக்கெட் வியாபாரி ஒருவன் இந்த இடத்தைச் சுற்றிச்சுற்றி வந்தானாம். அதைப் பார்த்த வெங்கடம்மா தன் சாக்கில் ஒன்றை எடுத்து இங்கே விரித்துவிட்டாள். வெறும் சாக்கு செல்லாது, சரக்கு இருக்க வேண்டும். அதனால் அடுத்த வாரத்திலிருந்து, வாளையை லாரிக்காரனிடம் வாங்கியே பழகியவள், விடியற்காலை ரயிலேறி சூளூர்பேட்டை போய் நெத்திலி எடுத்துவந்தாள். கேட்டு வந்தவர்களிடமெல்லாம், இது பொன்னி கடை, அவளுக்குக் கால் சரியில்லை என்று சொல்லித்தான் நிறுத்துக் கொடுத்தாள்.

பொன்னியம்மாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தான் சிதறடித்ததைத் தானே பொறுக்கலாம் என்று குனிந்தாள். கால் மடங்கவில்லை. வெங்கடம்மா தான் உட்கார்ந்திருந்த பலகையை உருவி அவள் பக்கம் தள்ளினாள். முகத்தை மட்டும் திருப்பவில்லை.

“ரங்கையா, கால நீட்டிக்கினு ஒக்காரச் சொல்லு. வித்த லாபத்த நான் துன்னுட்டேன், அது நெஜம். எடம் அவளுதுதான்.”

பொன்னியம்மா பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். ரங்கையா வழக்கம்போல் தூது சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

“யக்கா,” என்றாள். எட்டு வருடத்தில் வெங்கடம்மாவிடம் அவள் நேராகச் சொன்ன நல்ல சொல் அது ஒன்றுதான். “என்னாண்டயே சொல்லு.”