அம்மியும் இரண்டு கிரேக்கச் சொற்களும்

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கிரேக்க மொழியைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த கிரேக்கம் மொத்தம் இரண்டு சொற்கள். அவற்றை ஓர் அம்மியோடு சேர்த்துக் கற்றுக்கொண்டதால் இன்னும் மறக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் குடியிருந்தோம். கல்யாணமாகி ஒரு வருடம். வீட்டில் அம்மி கிடையாது. என் மனைவி பக்கத்து வீட்டு அம்மியில்தான் அரைத்து வந்தாள். ஒருநாள் அந்த வீட்டு அம்மா, தன் அம்மி தேய்வதாகச் சொல்லிவிட்டார். கல் எங்கேயாவது தேயுமா என்று இவள் கேட்டிருக்கிறாள். அதோடு பேச்சு நின்றது. அந்த நேரம் பார்த்து, வருவதாக மாமியார் கடிதம் போட்டார். கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோதே, அம்மிகூட இல்லாத வீடு என்று என் காதுபடச் சொன்னவர் அவர்.

அவர் வருவதற்கு முந்தின நாள், எங்கள் சபையிலிருந்து ஐந்து பேர் திண்டிவனத்துக்கு வேதபாட வகுப்புக்குப் போனோம். கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "வரும்போது அம்மியோட வாங்க. இல்லன்னா எங்கம்மாகிட்ட நீங்களே பேசிக்கங்க."

மாமியாரிடம் நான் அதுவரை பேசியது மூன்று வாக்கியங்கள். அதில் இரண்டு ஸ்தோத்திரம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல் கொத்துகிறவரைத் தேடிப் போனேன். சின்னதாகக் கேட்கத்தான் நினைத்தேன். அவர் பெரியதைத் தட்டிக் காட்டியதும் தலையாட்டிவிட்டேன். அவரே அம்மியையும் குழவியையும் ரிக்‌ஷாவில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரம் இறக்கிவைத்தார்.

மதிய வகுப்பை எடுத்தவர் கிரேக்கம் படித்த ஒரு வயதான போதகர். பாடம், ஆதிச் சபைக்கு எழுதப்பட்ட ஒரு நிருபம். அதில் ஓரிடத்தில் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்லியிருக்கிறது. இரண்டு மூன்று வசனம் தள்ளி, அவரவர் பாரத்தை அவரவர் சுமக்க வேண்டும் என்றிருக்கிறது. எதைத்தான் கேட்பது? தமிழில்தான் இரண்டு இடத்திலும் ஒரே சொல், கிரேக்கத்தில் வேறு வேறு என்றார் போதகர். முதலில் வருவது பாரோஸ். தனி ஆளை நசுக்கிவிடும் எடை. அதற்கு மற்றவர்கள் கைகொடுக்க வேண்டும். அடுத்தது போர்ட்டியோன். அவனவன் தூக்கிப் போகவேண்டிய சொந்த மூட்டை. அதை இன்னொருவர் தலையில் ஏற்றக் கூடாது.

எங்களோடு வந்த கமிட்டிப் பெரியவர் எழுந்து, பாரோஸ் என்பது நம் பாரம்தான், நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றார். போதகர் தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என் கல்லைப் பார்த்ததும் பாடம் மறுபடி தொடங்கிவிட்டது. கொஞ்சம் கைகொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கல்லின் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

"ஆசப்பட்டு நீயா வாங்கினது தம்பி" என்றார் பெரியவர். "உன் தலைல யாரும் தூக்கி வெக்கல. இது ரெண்டாவது வார்த்த."

பாடகர் குழுவில் இருந்த அக்கா விடவில்லை. "அப்போ போன வாரம் உங்க அரிசி மூட்டைய எங்க வீட்டுக்காரரு தூக்கினு வந்தாரே, அது எந்த வார்த்த?"

"அப்போ எனக்கு இடுப்பு வலிம்மா."

"கிரேக்கத்துல இடுப்பு வலிக்குத் தனி வார்த்த இருக்குதுங்களா?"

விழுப்புரம் பஸ் உள்ளே நுழைந்தபோது தீர்ப்பு வந்தது. அம்மி முதல் வார்த்தை. நாலு பேர் தூக்குவார்கள். குழவி இரண்டாவது வார்த்தை. அது என் பொறுப்பு. எல்லோருக்கும் திருப்தி. நாலு பேரும் குனிந்து அம்மியைத் தூக்கினார்கள். இடுப்பு வலிக்காரரும் ஒரு மூலையைப் பிடித்தார். பெரியவர்கள் என் கல்லைச் சுமக்க, நான் குழவியை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதா? அதை டீக்கடை ஓரம் வைத்துவிட்டு ஓடிப்போய் நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

யாருக்குக் கல்யாணம், பஸ்ஸிலேயே அம்மி மிதிக்கப் போகிறீர்களா என்று கேட்ட கண்டக்டர், கல்லுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் அக்கா என் மடியைப் பார்த்தார். பிறகு காலடியைப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டாவது வார்த்த எங்க?"

பஸ்ஸை நிறுத்தச் சொல்ல நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே முண்டியம்பாக்கம் போய்விட்டது. குழவியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது என் மூட்டை என்று முடிவாகிவிட்டதே.

அம்மியை எங்கள் வாசலில் இறக்கிவைத்துவிட்டு நாலு பேரும் போய்விட்டார்கள். மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். கிரேக்கத்தையும் சொன்னேன்.

"நல்லாத்தான் படிச்சிக்கினு வந்திருக்கீங்க" என்றாள். "குழவி பக்கத்து வீட்டுல இருக்கு. போய்க் கேளுங்க. நான் போமாட்டேன்."

அந்த வீட்டு வாசலுக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். திண்டிவனத்திலிருந்து கல் வந்த தூரத்தைவிட அது அதிகமாகத் தெரிந்தது. நாலு பேர் பிடிக்க இதில் மூலை இல்லை. இதுதான் போர்ட்டியோன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கதவைத் தட்டி, ஸ்தோத்திரம் சொல்லாமல் நேராகக் கேட்டேன்.

"குழவி மட்டுமா?" என்று அந்த அம்மா எட்டிப் பார்த்தார். எங்கள் வாசலில் இருந்த கல்லைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்துக்கினு போ. ஆனா உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, குழவியும் தேயும்."

மறுநாள் மாமியார் பத்து மணி பஸ்ஸில் வந்தார். மீன் கிடைக்கவில்லை, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தோம். உப்பு குறைவு என்றார். மதியம் நான் திண்டிவனம் போனேன். டீக்கடைக்காரர் குழவியைத் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார். கேட்டு வாங்கி வந்தேன்.